அறுபது நாள் விடுப்பும் ஒரு வீட்டுத் தீர்மானமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல தீர்மானப் புத்தகம் வாசிச்ச பழக்கம் மட்டும்தான் உண்டு. அதனால அதே மாதிரி எழுதி வச்சே வாசிக்கிறேன்.

நம்ம சிவகங்கை மாவட்டத்துப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டுல வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். சௌதி, குவைத், துபாய், சிங்கப்பூர், மலேசியான்னு ஆளுக்கொரு திசை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றாங்க, ரெண்டு மாசம் இருக்காங்க, திரும்பப் போறாங்க. அந்த ரெண்டு மாசத்தைப் பத்தித்தான் நான் பேச வந்தேன்.

எங்க வீட்டுக்காரர் சௌதியில தம்மாம் பக்கம் ஒரு கம்பெனியில பைப் ஃபிட்டர் வேலை பார்க்கிறார். போய் நாலு வருஷம் முடிஞ்சு, இந்தச் சித்திரைக்கு ரெண்டாவது விடுப்புல வந்தார். மொத்தம் 60 நாள். அதுல 42 நாளுக்குத்தான் சம்பளம். அங்க சட்டப்படி ஒரு வருஷத்துக்குக் குறைஞ்சது 21 நாள் சம்பளத்தோட விடுப்பு, ஒரே கம்பெனியில அஞ்சு வருஷம் தாண்டினா 30 நாள். மிச்ச 18 நாள் நம்ம கைக்காசுல உட்கார்ந்து சாப்பிடுறது. போயிட்டு வர்றதுக்குக் குடுக்கிற விசாவுலயும் தேதி இருக்கு. அந்தத் தேதிக்குள்ள திரும்பலைன்னா வேலையே சிக்கலாயிடும். அதனால வந்து இறங்கின அன்னைக்கே நாள் குறைய ஆரம்பிச்சிடுது.

பொதுவா இந்த ரெண்டு மாசம் எப்படிப் போகுதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி பிரிக்கிறது ஒரு வாரம். பேரீச்சம்பழம் யாருக்கு, செண்ட் பாட்டில் யாருக்கு, கம்பளி யாருக்கு, தைலம் யாருக்குன்னு பங்கு. பெரியப்பா வீட்டுக்குக் குடுத்து சித்தப்பா வீட்டுக்குக் குடுக்கலைன்னா அது ஒரு வருத்தம். அப்புறம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா. வழியில பார்க்கிறவங்க எல்லாரும் ஒரே மூச்சுல ரெண்டு கேள்வி கேட்பாங்க. “எப்பப்பா வந்தே? எப்பப்பா போறே?” இருக்கிறதைப் பத்தி யாரும் கேட்கிறதில்லை.

வீட்டுக்குள்ளயும் கொஞ்ச நாள் அவர் விருந்தாளி மாதிரிதான் இருந்தார். விடியக்காலம் மூணரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துக்குவார். அங்க நாலரைக்குக் கேம்ப்ல இருந்து பஸ் கிளம்பிடுமாம், உடம்பு அதே பழக்கத்துல இருக்கு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஒரு நாள் கோழி எடுத்து அவரே குழம்பு வச்சார். அத்தைக்கு அது பிடிக்கலை. “மகன் அடுப்படியில நிக்கிறான், மருமக வெளிய நிக்கிறா”ன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஆனா குழம்பை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

பையனுக்கு ஏழு வயசு. அவர் முதல்ல போனப்ப மூணு வயசு. வந்த ரெண்டாம் நாள் அவர் அவனைப் பார்த்து, “வெயில்ல கண்மாய்ப் பக்கம் போகக்கூடாது”ன்னு சொன்னார். அவன் நேரா என்கிட்ட வந்து, “அம்மா, அப்பா சொல்றதையும் கேட்கணுமா?”ன்னு கேட்டான். அவருக்கும் அது காதுல விழுந்துச்சு. அன்னைக்கு அவர் சரியாச் சாப்பிடலை. அப்புறம் தினமும் சாயங்காலம் அவனைக் கூட்டிக்கிட்டு நுங்கு வெட்டப் போனார், சைக்கிள் பழக்கினார். மே மாசக் கடைசியில அவன் அவர் மேல காலைப் போட்டுத்தான் தூங்கினான். பழகி முடிக்கிறப்பத்தான் டிக்கெட் தேதி வருது.

சகோதரிகளே, இதுவரைக்கும் சொன்னது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். இனிமே நான் சொல்லப்போறது, இந்த 60 நாள்ல நாங்க செஞ்ச ஒரு காரியம். நம்ம குழுவுல ஒருத்தருக்கு 5,000 ரூபாய் உள்கடன் குடுக்கணும்னாக்கூட பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி, எதுக்குக் கடன், எப்பத் திருப்புவேன்னு கேட்டுத் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுறோம். வெளிநாட்டுல இருந்து ரெண்டு வருஷமா வர்ற லட்சக்கணக்கான ரூபாய்க்கு நம்ம வீட்டுல எந்தத் தீர்மானமும் கிடையாது. அவர் சம்பாதிச்சார், நான் செலவு பண்ணினேன், அத்தை கேட்டாங்க, குடுத்தோம். அவ்வளவுதான்.

அதனால வந்த பதினைஞ்சாவது நாள், பெட்டி எல்லாம் பிரிச்சு ஓய்ஞ்ச பிறகு, ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரையும் திண்ணையில உட்கார வச்சேன். அத்தை, அவர், பத்தாவது போகப்போற எங்க பொண்ணு, நான். குழுவுல எழுதுற மாதிரியே ஒரு நோட்டுல வரவு செலவு எழுதி வச்சிருந்தேன். அதை வாசிச்சேன்.

அவருக்குச் சம்பளம் 1,800 ரியால். ஒரு ரியாலுக்கு 22 ரூபாய்னு வச்சா 39,600 ரூபாய். சாப்பாடு, போன் செலவு போக வீட்டுக்கு அனுப்புறது மாசம் 28,000. ரெண்டு வருஷத்துக்கு 6,72,000. செலவு என்னன்னா, வீடு கட்ட அடகு வச்ச நகையைத் திருப்பினது 1,80,000. வீட்டுச் செலவு மாசம் 9,000 வீதம் 2,16,000. பிள்ளைங்க படிப்பு 60,000. அத்தை கண் ஆபரேஷன், முட்டி வலி வைத்தியம் 45,000. மொய், விசேஷம் 74,000. தொடர் வைப்பு மாசம் 4,000 வீதம் 96,000. மொத்தம் 6,71,000. மிச்சம் 1,000 ரூபாய்க்கு எனக்குக் கணக்குத் தெரியலைன்னும் எழுதியிருந்தேன். வீட்டுச் செலவுக்கு 9,000 பத்தினதுக்குக் காரணம் குழுக்கடன்ல வாங்கின மாடு. பால் காசு மீதியைத் தாங்கிடுச்சு.

அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், “பிள்ளைங்க படிப்பை விட மொய்யி கூடப் போயிருக்கே”ன்னார். ஆமா, அதான் நிஜம். மொய்யின்னு வர்றது வருமானம் இல்லை, வட்டி எழுதாத கடன். வாங்கினதுக்கு மேல போட்டுத்தான் திருப்பிச் செய்யணும். பையனுக்குக் காதுகுத்தைப் பெருசா வைக்கணும்னு சொந்தக்காரங்க சொல்லிக்கிட்டிருந்தாங்க. அன்னைக்கு முதல் தீர்மானம் அதுதான்: குலதெய்வம் கோயில்ல, தாய்மாமன் மடியில உட்கார வச்சு, மூணு வீட்டு ஆளுங்களோட முடிக்கிறது. பத்திரிகை இல்லை, மொய் இல்லை. அப்படியே செஞ்சோம். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க. இப்பப் பேசுறாங்க.

ரெண்டாவது விஷயம்தான் பெருசு. திரும்பப் போறதா, வேண்டாமா? போனா எத்தனை வருஷம்? அத்தை, “வயசு இருக்கிறப்பத்தான் சம்பாதிக்க முடியும், இன்னும் பத்து வருஷம் ஓட்டட்டும்”னாங்க. அவருக்கோ ஊர் என்ன சொல்லும்னு பயம். வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்துட்டா வேலை போயிடுச்சு, அவ்வளவுதான்னு பேசுவாங்கன்னு. பொண்ணு மட்டும், “நான் பன்னிரண்டாவது படிக்கிறப்ப நீங்க இங்க இருக்கணும்ப்பா”ன்னா. அதுக்கு யாருக்கும் பதில் சொல்லத் தெரியலை. மூணு நாள் வீட்டுல சரியாப் பேச்சே இல்லை.

அப்புறம் மறுபடியும் நோட்டோட உட்கார்ந்தோம். அவருக்குத் தெரிஞ்ச தொழில் பைப் வேலை. பக்கத்து டவுன்ல சின்னதா ஒரு பிளம்பிங் கடை போட, சாமான், அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து ரெண்டரை லட்சம் ஆகும்னு ரெண்டு கடையில விசாரிச்சு எழுதினார். மொய்யைக் குறைச்சு, நகைக்கடனும் இல்லாததால இனிமே மாசம் 10,000 சேமிக்க முடியும். ரெண்டு வருஷத்துல 2,40,000. அதோட அங்க பணிக்கொடை உண்டு. சௌதிச் சட்டப்படி முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், அதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம். ஆறு வருஷத்துக்கு மூணரை மாசச் சம்பளம், 6,300 ரியால். நம்ம காசுக்கு 1,38,600. ஆனா ஒண்ணு கவனிக்கணும். ஒப்பந்தக் காலம் முடிஞ்சு முறையா வந்தா முழுசும் கிடைக்கும். நடுவுல நாமளா ராஜினாமா பண்ணினா, அஞ்சுல இருந்து பத்து வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு மூணுல ரெண்டு பங்குதான். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். உங்க வீட்டுல எந்த நாடோ அதைக் கேட்டு எழுதிக்கங்க.

இப்படித் தீர்மானம் எழுதினோம்: இன்னும் ஒரு தடவை, ரெண்டே வருஷம். பொண்ணு பன்னிரண்டாவது போறப்ப அவர் வீட்டுல இருக்கணும். அவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன், பொண்ணு போட்டா. அத்தை கைநாட்டு வைக்க மாட்டேன்னு உள்ள போயிட்டாங்க. மறுநாள் காலையில அவங்களாவே மைப்பெட்டி எங்கன்னு கேட்டாங்க.

மூணாவது, காகிதம். பக்கத்து ஊர்ல ஒரு அக்காவோட வீட்டுக்காரர் வெளிநாட்டுலயே இறந்துட்டார். அந்த அக்காகிட்ட பாஸ்போர்ட் நகல் இல்லை, கம்பெனி பேரும் தெரியலை. உடம்பு ஊர் வந்து சேர்றதுக்குள்ள அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால இந்த விடுப்புல ஒரு ஃபைல் போட்டோம். நீங்களும் போடுங்க, குறிச்சுக்கங்க.

ஒண்ணு, பாஸ்போர்ட், விசா, அந்த நாட்டு அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், எல்லாத்துக்கும் நகல்.

ரெண்டு, கம்பெனி பேர், விலாசம், கேம்ப் விலாசம், கூடத் தங்கியிருக்கிற ரெண்டு பேர் போன் நம்பர்.

மூணு, காப்பீடு. பத்தாவது பாஸ் பண்ணாம வளைகுடா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போறவங்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேணும். அதோட சேர்த்து மத்திய அரசோட பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்துல இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். எங்க வீட்டுக்காரர் எட்டாவதுதான், அவருக்கு அது இருக்கு. காலக்கெடு முடிஞ்சிருக்கா, வாரிசு பேர் சரியா இருக்கான்னு பாருங்க.

நாலு, பேங்க். வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்க தன் பேர்ல சாதாரண சேமிப்புக் கணக்கு வச்சிருக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும். அங்க இருந்து அனுப்புற பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கலாம், அந்த வட்டிக்கு வருமான வரி இல்லை.

அஞ்சு, புதுசாப் போறவங்களுக்கு. பதிவு பெற்ற ஏஜெண்டு சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் வாங்கலாம். முதல் தடவை எங்ககிட்ட ஒரு ஏஜெண்டு 1,20,000 வாங்கினார், ரசீதும் தரலை. ஏஜெண்டு பதிவு பெற்றவரான்னு இ-மைக்ரேட் இணையதளத்துல பார்க்கலாம். தமிழ்நாடு அரசுலயும் அயலகத் தமிழர் நலத்துக்குத் தனித் துறையும் நல வாரியமும் இருக்கு. தெரிஞ்சு வச்சுக்கங்க.

அவர் ஜூன் மாசம் கிளம்பிட்டார். பையன் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். போன்ல பேசுறப்ப இப்ப அவன் முதல்ல கேட்கிறது, “அப்பா, மதியம் ரெஸ்ட் குடுத்தாங்களா?”ன்னுதான். சௌதியில ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12ல இருந்து 3 மணி வரை நேர் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு அவர் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கார்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த விடுப்புல உங்க வீட்டுக்காரர் வர்றப்ப, நல்லா ஆக்கிப் போடுங்க, ஊருக்கு, கோயிலுக்குப் போயிட்டு வாங்க. அதோட ரெண்டு ராத்திரியை நோட்டுக்குன்னு ஒதுக்குங்க. பெரிய பிள்ளைங்களையும் கூட உட்கார வைங்க. எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு, இன்னும் எத்தனை வருஷம்னு மூணையும் எழுதுங்க. எத்தனை வருஷம்னு எழுதாத வீட்டுல அது பத்தாகும், இருபதாகும். நம்ம கூட்டமைப்பும் வெளிநாட்டுல ஆள் இருக்கிற உறுப்பினர் வீடுகளைக் கணக்கெடுத்து, வருஷத்துக்கு ஒரு நாள் இந்தக் காகித வேலைகளுக்கு ஆலோசனைக் கூட்டம் நடத்தணும்னு தலைவி அக்கா முன்னாடி தீர்மானமா வைக்கிறேன். வழிமொழியிறவங்க கை தூக்குங்க.