கல் நின்றது, மண் கரைந்தது



மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அன்று நம் தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. காவிரிக் கரை ஊர்கள் தண்ணீருக்குள் போயின. இன்றும் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அவற்றைக் காக்க வேண்டும் என்கிறார்கள். நாமும் அதையே சொல்கிறோம்.

கூடவே ஒன்று கேட்கிறோம்: சேரி எங்கே? கல்லில் கட்டியவர்களுக்குக் கல்லே சாட்சி. கல் சுமந்தவர்கள் இருந்ததோ மண்சுவரும் கூரையும். அது கரைந்துபோனது. எந்தக் கோடையும் அதைத் திருப்பித் தராது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் நம் வீடுகள் எரிந்தபோது சான்றிதழ்களும் சேர்ந்தே சாம்பலாயின. நம் சுவடு தண்ணீரிலும் போகிறது, தீயிலும் போகிறது.

ஆகவே ஒகேனக்கல் கரையை அழகாக்க எந்தத் திட்டம் வந்தாலும், பரிசல் ஓட்டுகிறவர், எண்ணெய் தேய்க்கிறவர், மீன் வறுத்து விற்கிறவர் ஆகியோரின் இடத்தை வரைபடத்தில் முதலில் குறிக்கச் சொல்வோம்.

மாணவர்களே, மூழ்கிய தெருக்களின் பெயர்களை உங்கள் பாட்டிமாரிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். நமக்கான கல்வெட்டு அதுதான்.

ஜெய்பீம்.