ஊர்ச் சுவரில் ஒரு பாடம்

(ஊராட்சித் தலைவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுள் 14 வகைகளுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பெற்றது. ஆயினும், மழை பெய்தபின் ஏரிக்கரைக்குச் சென்று பாருங்கள். மதகின் வாயைப் பைகள் அடைத்து நிற்கக் காண்பீர்கள். மீந்த சோற்றோடு எறியப்பட்ட பையை மாடு விழுங்கிவிடுகிறது. அது வயிற்றில் செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. பைகள் சேரச் சேர மாடு தீனி எடாமல் மெலிந்து மடிகிறது. தடையை அறிந்தவர் பலர். அதன் காரணத்தை உணர்ந்தவர் சிலரே. அக்காரணத்தை, எழுத்தறியாதவரும் உணருமாறு கண்முன் நிறுத்த வல்லது சித்திரம்.

விழிப்புணர்வு என்றவுடன் ஃபிளெக்ஸ் பதாகை அச்சிட விரைகிறோம். அதுவும் பிளாஸ்டிக் அன்றோ? விழா முடிந்ததும் அதுவே குப்பையாகின்றது. சுவரில் கையால் தீட்டிய படத்திற்கு அக்குறையில்லை. அடுத்த ஆண்டு அதன்மேல் வெள்ளையடித்துப் புதிய படம் தீட்டலாம். மேலும், எங்கோ அச்சான படத்தில் ஏதோ ஓர் ஏரி இருக்கும். நம் பிள்ளைகள் தீட்டும் படத்திலோ நம் ஏரி இருக்கும். “இது நம் மதகல்லவா?” என்று நின்று பார்ப்பவர், மறுமுறை பையை எறியுமுன் சற்றே தயங்குவார்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சுண்ணாம்பு, செங்காவி, மஞ்சட்காவி, கரி ஆகியவை போதும். சுண்ணாம்பில் சிறிது வஜ்ஜிரப் பசை கலந்தால் கையில் ஒட்டாது. ஃபிளெக்ஸ் வந்தபின் தொழில் குறைந்த ஓவியர் அருகில் இருப்பின், அவரை அழைத்து உரிய கூலி தந்து, மாணவர்க்குக் கற்பிக்கச் செய்யுங்கள். ஒரு சுவருக்கு ஒரு கருத்தே போதும். அடைபட்ட மதகை ஒரு பக்கமும், மஞ்சட்பையோடு கடைக்குச் செல்லும் பெண்மணியை மறுபக்கமும் தீட்டலாம். சொற்கள் ஐந்தாறுக்கு மேல் வேண்டா. 30 அடி தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எழுத்து 3 அங்குல உயரமேனும் இருத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. படம் கேட்கும் காரியத்தைச் செய்ய ஊரில் வழியிருத்தல் வேண்டும். கடையில் துணிப்பை கிடைக்கிறதா, தூய்மைக் காவலர் குப்பையைத் தரம்பிரித்துப் பெற நாள்தோறும் வருகிறாரா என்பவற்றை ஊராட்சி முதலில் உறுதி செய்க. பின்னர்த் தூரிகையை எடுப்போம். அவ்வாறன்றி வெறும் படம் மட்டும் தீட்டினால், அது ஊராரை நோக்கிச் சொல்லும் அறிவுரையாகாது; நம்மை நோக்கிய குற்றச்சாட்டாகவே சுவரில் நிற்கும்.