தொண்டும் சிற்றுண்டியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'பள்ளி மாணவர்களும் சமூகத் தொண்டும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். "பந்தி போடுறதுக்குள்ள முடிச்சிருப்பா" என்று செயலாளர் காதோடு சொல்லியும் வைத்திருக்கிறார். நல்லதாகப் போயிற்று. தொண்டு, சாப்பாடு இரண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன். என் அனுபவத்தில் அவை இரண்டும் தனித்தனி விஷயங்களே அல்ல.

இந்தக் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியரானவன் நான். 1995 முதல் 2018-இல் ஓய்வு பெறும் வரை அங்கே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் செய்துவந்த வேலையை, 1985-இல் சோதனை முறையில் பிளஸ் டூ வகுப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அப்போது தேர்ந்தெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அதன் சின்னம் கோனார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம். சக்கரத்தின் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். குறிக்கோள் வாசகம் 'நானல்ல, நீ'. இதை முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். மறுநாள் ஒரு பையன் வந்து புகார் சொன்னான். "சார், 'நானல்ல, நீ'ன்னு சொல்லியே கூட்டுற வேலையப் பூரா என்கிட்ட தள்ளிட்டாங்கெ!"

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் செய்த வேலை சாதாரணம் அல்ல. 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கைக்குழந்தைகளோடு வரும் தாய்மார்களை வரிசைப்படுத்தினார்கள், குழந்தைகளின் விரலில் மை வைத்தார்கள், வராத வீடுகளுக்கு நடந்து போய்க் கூப்பிட்டார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அந்தச் சான்றில் எங்கள் பிள்ளைகளின் பெயர் இல்லைதான். ஆனால் அவர்கள் நடந்த நடையும் அதில் இருக்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர்ப் பந்தலில் நீர்மோர் ஊற்றினார்கள். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மா வரும்வரை சமாதானம் சொன்னார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைக்குப் பிறகு சீமைக் கருவேலத்தை ஒழிக்கும் வேலை ஊரெங்கும் நடந்ததே, அப்போது கண்மாய்க் கரையில் முள் குத்த முள் குத்த நின்றவர்களும் இவர்கள்தான். சான்றிதழுக்காக வருகிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். வரட்டுமே! வந்தபின் முள்ளை வெட்டியது சான்றிதழா, பிள்ளையா?

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். வேலை முடிந்து கைகால் கழுவியதும் எழும் முதல் கேள்வி, "சார், இன்னைக்கி எங்க?" என்பதுதான். மதுரையில் இதற்கு விடை சொல்வது கஷ்டம், ஏனென்றால் விடைகள் அதிகம். சிம்மக்கல் பக்கம் என்றால் கோனார் மெஸ் கறி தோசை. மேலச் சித்திரை வீதி என்றால் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். வெயில் கொளுத்தினால் விளக்குத்தூண் ஜிகர்தண்டா. கையில் காசு குறைவென்றால் தள்ளுவண்டிப் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறப்போட்டு, ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது. ஒரு டம்ளர் குடித்தால் இரண்டு மணி நேரம் பசி எட்டிப் பார்க்காது.

இதெல்லாம் வெறும் நாக்கு ருசிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். காமராசர் காலத்தில் 1956-இல் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக விரிந்தது. இன்று அது பத்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் எங்கள் மதுரை சிம்மக்கல்லில்தான் தொடங்கியது. அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆக, பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கிற பிள்ளைக்குத் தட்டு நின்றுபோகிறது. பதினாறு, பதினேழு வயது. எவ்வளவு போட்டாலும் போதாத வயது. அந்தப் பிள்ளையிடம்தான் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு கேட்கிறோம். நாளுக்கு நாலு மணி நேரம் என்று வைத்தால் 30 நாள். முப்பது நாளும் வெயிலில் வேலை பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்கிறோமா?

எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். மண்வெட்டி பிடித்தால் மூன்று பேர் வேலையை ஒருவனே செய்வான். சாப்பிடக் கிளம்பும்போது மட்டும் காணாமல் போய்விடுவான். கேட்டால், "அம்மா தேடும் சார்" என்பான். ஒருநாள் கூட்டாளி ஒருவன் வந்து மெதுவாகச் சொன்னான்: "அம்மால்லாம் தேடல சார். முக்குக் குழாய்ல தண்ணியக் குடிச்சிட்டுப் போறான். அவன்கிட்ட காசு இல்ல."

நான் பணம் கொடுத்திருக்கலாம். அவன் வாங்கியிருக்க மாட்டான். அதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகளே. மாணவத் தலைவியாக இருந்த பெண் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, வாயைத் துணியால் கட்டி, கை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் விட்டாள். வேலை தொடங்கும் முன் டப்பா சுற்றி வரும். எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள், போட்டார்களா இல்லையா, யாருக்கும் தெரியாது. "உண்டியல்ல யாரு எவ்வளவு போட்டான்னு சாமிகூடக் கேக்கிறதில்லையே சார்" என்றாள்.

டப்பா கனத்தால் கறி தோசை, இல்லாவிட்டால் பருத்திப்பால். 2013-இல் மதுரைக்கு அம்மா உணவகம் வந்து ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்த பிறகு, டப்பாவுக்கு இன்னும் தெம்பு வந்தது. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே பண்டத்தைச் சாப்பிட்டார்கள். அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தப்பித்து ஓடவில்லை.

திருமங்கலம் அருகே வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை அங்கே கூடி, வருகிற எல்லோருக்கும் பிரியாணி போடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்தவரிடம் நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. எங்கள் பிஸ்கட் டப்பாவும் அந்த வழியில் வந்ததுதான்.

அன்பர்களே, சங்கத்திடம் ஒரே ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியைச் சுற்றியுள்ள மேல்நிலைப் பள்ளிகளின் தொண்டர்களுக்குச் சிற்றுண்டி நிதி ஒன்று தொடங்குவோம். அறையை அலங்கரிக்கும் செலவில் ஒரு பகுதி போதும். இரண்டு நிபந்தனைகள் மட்டும். ஒன்று, சாப்பிடும் பிள்ளைகளைப் படம் பிடித்து மலரில் போடக் கூடாது. இரண்டு, ஏழைப் பிள்ளை யார் என்று பட்டியல் கேட்கக் கூடாது. மண்வெட்டி பிடித்த எல்லோருக்கும் ஒரே இலை.

இந்நாள் மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு நீங்களும் ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போங்கள். முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்தக் கடை என்று அவர்களையே கேளுங்கள். உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து வரும்போது யாராவது சாப்பிடாமல் நழுவுகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.