வாக்கை முடிவு செய்வது யார்?



பாலராமபுரத்தில் தறி நெய்யும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் நான்கு வாக்குகள். வீட்டுப் பெரியவர் ஒரு சின்னத்தைச் சொல்கிறார். மற்ற மூவரும் சரி என்கிறார்கள். அப்படியானால், அங்கே இருப்பது நான்கு வாக்கா? ஒரு வாக்கா?

அறிஞர்களும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். 1940-இல் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. பால் லாசர்ஸ்பெல்ட் என்பவரும் அவரது குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பகுதிக்குப் போனார்கள். அங்கே 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். மக்களின் மனத்தை மாற்றுவது வானொலியா, பத்திரிகையா என்று பார்த்தார்கள். கிடைத்த விடை வேறு! ஏறக்குறையப் பாதிப்பேர் பிரசாரம் சூடுபிடிக்கும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். வீட்டாரும் நண்பர்களும் சொன்ன சொல்லுக்கே வலிமை அதிகமாக இருந்தது.

அங்கே வீடும் நட்பும். இந்த எல்லைப் பகுதியிலோ, ஒரு காலத்தில் மொழியும் வாக்கை நடத்தியது. அன்று பாலராமபுரம், பாறசாலை, நாகர்கோவில் எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்தன. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி முதலியோர் முன்னின்றார்கள். நெய்யாற்றின்கரை தாலுகாவையும் அவர்கள் கேட்டார்கள். 1954 தேர்தலில் அந்தக் கட்சி 12 இடங்களில் வென்றது. மக்கள் தங்கள் கோரிக்கையை வாக்கால் சொன்னார்கள்.

1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வாக்காளர் முன் இருந்த கேள்வியும் மாறியது. கூலி, நூல் விலை, பள்ளிக்கூடம், ரேஷன் ஆகியவை முன்னால் வந்தன.

சேர்ந்து வாக்களிப்பது தவறல்ல. தெரிந்து, பேசி, சேர்ந்தால் அது பலம். தெரியாமல் தலையாட்டினால் அது இழப்பு.

அந்த இழப்பைப் பெண்கள் அதிகம் கண்டார்கள். 1951-52-இல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. பட்டியல் எழுத வந்தவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் வாக்கு இல்லை என்றார் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெரும்பாலோர் வட மாநிலத்தவர். பெயரைச் சொல்வதே வாக்குரிமையின் முதல் படி ஆயிற்று!

பிறகு என்ன ஆயிற்று? 1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் 100-க்கு 63 பேர் வாக்களித்தார்கள். பெண்களில் 47 பேர்தான். 2024-இல் இரு பாலாரும் ஏறக்குறைய 66 பேர். வாக்குச்சாவடிக்கு வருவதில் பெண்கள் ஆண்களைச் சமமாக எட்டிவிட்டார்கள். இனி எட்ட வேண்டியது ஒன்று உண்டு. அது சொந்த முடிவு.

அதற்குச் சட்டம் துணை நிற்கிறது. வாக்கு இரகசியமானது. 1856-இல் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் இரகசிய வாக்குச்சீட்டு முறை வந்தது. பண்ணையாரும் முதலாளியும் மிரட்டக் கூடாது என்பதே அதன் நோக்கம். இன்று இயந்திரத்தைச் சுற்றி மறைப்பு வைப்பதும் அதற்காகவே. உள்ளே கணவர் இல்லை, முதலாளி இல்லை, கட்சிக்காரர் இல்லை. பணம் கொடுத்தவருக்கும் நீங்கள் அழுத்திய பொத்தான் தெரியாது.

ஆகவே மூன்று செயல்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். இல்லையென்றால் 6-ஆம் எண் படிவம் கொடுங்கள். விவரம் கேட்க 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். வேட்பாளர் வீட்டுக்கு வந்தால் கூலியைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள். ஆனால் பொத்தானை அழுத்தும் விரல் உங்களுடையது. முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும்.