பிள்ளை பார்ப்பதும் ஒரு படித்த தொழில்தான்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், ரொறன்ரோவில் சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றில் பணிபுரியும் எமது உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

செயலாளர் அண்ணை ரெலிபோன் எடுத்து, "தங்கச்சி, டேகெயார் வேலையைப் பற்றிக் கனபேர் விசாரிக்கினம். பத்து நிமிசம் வந்து கதையுமன்" என்று கேட்டார். எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளோடு கதைத்துப் பழகியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில், வடமராட்சியில், ஏழு வருசம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 2010 இல் இங்கே வந்து, நாலு வருசம் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். முதுகும் போச்சு, நித்திரையும் போச்சு. திரும்பவும் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் இவர் கேட்ட முதல் கேள்வி, "கனடா வந்தும் மற்றவையின்ரை பிள்ளையளுக்குக் கழுவித் துடைக்கப் போறீரோ?" என்பதுதான். அவரில் மட்டும் பிழை சொல்லமாட்டேன். எங்களில் கனபேர் இதை ஆயா வேலை என்றுதான் நினைக்கிறோம். ஆகவே அந்த நினைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்ராறியோவில் பாலர் கல்வியாளர் என்ற பெயரை நினைத்தவர் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 2007 இல் அதற்கென்று ஒரு சட்டமே நிறைவேற்றப்பட்டது. தாதிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் பதிவு அமைப்பு இருப்பதுபோல எங்களுக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதில் பதிந்து, வருசா வருசம் புதுப்பித்தால்தான் அந்தப் பெயர். பிழை விட்டால் விசாரணையும் உண்டு.

ஒருவர் எத்தனை பிள்ளையைப் பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உரிமம் பெற்ற நிலையங்களில், 18 மாதத்துக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு 3 பேர் நிற்கவேணும். 18 முதல் 30 மாதம் வரை 5 பிள்ளைகளுக்கு ஒருவர். அதற்கு மேற்பட்ட பாலர் வகுப்பில் 8 பேருக்கு ஒருவர். இதைவிட, 2010 இல் தொடங்கிய முழுநாள் பாலர் வகுப்புத் திட்டத்தின்படி, பள்ளிக்கூடங்களில் பெரும்பாலான பாலர் வகுப்புகளில் ஆசிரியரோடு ஒரு பாலர் கல்வியாளரும் சேர்ந்து வேலை செய்கிறார்.

சரி, இதற்கு எப்படிப் போவது? எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பொதுக் கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளோமா. ஜோர்ஜ் பிரவுன், செனெக்கா, ஹம்பர் போன்ற இடங்களில் இருக்கிறது. அகதி அந்தஸ்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் மாகாண அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு இன்னும் முடியாதவர்கள், வேலை அனுமதி வேறு, படிப்பு அனுமதி வேறு என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது, வேலை செய்துகொண்டே பயிலும் தொழிற் பயிலுனர் முறை. நிலையமொன்றில் சம்பளத்துக்கு வேலை செய்தபடி வகுப்புகளுக்கும் போகலாம். குடும்பத்தைக் கொண்டு நடத்தவேண்டியவர்களுக்கு இது நல்ல வழி.

மூன்றாவது, ஊரில் படித்த படிப்பை மதிப்பிடச் செய்வது. சான்றிதழ்களை எறிந்துவிடாதீர்கள். சிலருக்கு முழுதாக ஏற்றுக்கொள்ளப்படாவிட்டாலும் சில பாடங்கள் குறையலாம். ஆங்கிலமோ பிரெஞ்சோ போதிய அளவு தெரியும் என்பதையும் காட்டவேணும்.

நாலாவது, வீட்டில் பிள்ளை பார்ப்பது. உரிமம் இல்லாமல் பார்ப்பதென்றால் 13 வயதுக்கு உட்பட்ட 5 பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அதிலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. நாலு வயதுக்கு உட்பட்ட உங்கள் சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். உரிமம் பெற்ற முகவர் நிலையமொன்றோடு சேர்ந்தால் 6 பேர் வரை பார்க்கலாம். எங்கள் தொடர்மாடிகளில் எத்தனையோ அக்காமார் இந்தக் கணக்குத் தெரியாமல் பயந்து பயந்து பிள்ளை பார்க்கிறார்கள். பயப்படத் தேவையில்லை, சட்டத்தை அறிந்து செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும். உதவியாளர் பயிற்சி வேறு, பாலர் கல்வியாளர் டிப்ளோமா வேறு. உதவியாளர் பயிற்சி முடித்தால் நிலையத்தில் வேலை கிடைக்கலாம். ஆனால் அதைக் கொண்டு பதிவு பெற முடியாது. ஆகவே எந்த இடத்திலும் காசு கட்டமுன்னம், அந்தப் படிப்பு பதிவு அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வேலைக்குப் போகும்போது பொலிஸ் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, தடுப்பூசி விபரம் எல்லாம் கேட்பார்கள். முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

சம்பளத்தை மறைக்கமாட்டேன். இது பணக்காரராகும் தொழில் இல்லை. 2022 இல் ஒன்ராறியோ மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்து, பெற்றோரின் கட்டணம் குறையத் தொடங்கியது. இடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், வேலையாட்கள் போதாது. அதனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில், பதிவு பெற்றவர்களின் அடிப்படைச் சம்பளத்தை 2024 இல் மணிக்கு 23.86 டொலராக வைத்தார்கள். வேலைக்குத் தட்டுப்பாடில்லை. ஆனால் குனிந்து நிமிர்ந்து இடுப்பு நோகும். மாரி காலத்தில் பிள்ளைகளுக்கு வரும் தடிமன் எல்லாம் உங்களுக்கும் வரும்.

படிப்பும் இலேசில்லை. வளர்ந்தோர் பாடசாலையில் இரண்டு வருசம் ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனேன். ஒரு பாடத்தை இரண்டு தரம் எடுத்தேன். பிள்ளையைக் கவனித்து எழுதச் சொல்வார்கள். நான் "பிள்ளை அடம்பிடித்தான்" என்று எழுதினேன். ஆசிரியை அதை வெட்டிவிட்டு, "அடம் என்பது உங்களுடைய முடிவு. நீங்கள் கண்டது என்ன?" என்று கேட்டார். கண்டது என்னவென்றால், பிள்ளை கதவடியில் நின்று சப்பாத்தைக் கழற்றமாட்டேன் என்றது. அவ்வளவுதான். ஊரில் ஏழு வருசம் படிப்பித்தும் அந்த வித்தியாசத்தை நான் யோசித்ததில்லை.

அந்தப் பாடம் 2017 இல் பயிற்சிக்குப் போன இடத்தில் எனக்கு உதவியது. அங்கே எங்கடை பெடியன் ஒருவன், மூன்று வயது, புதிதாக வந்தவன். ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை. சாப்பிடமாட்டான், அடிக்கடி கால்சட்டையை நனைத்துவிடுவான். பிள்ளையில் ஏதோ குறை இருக்கிறது, பரிசோதனைக்கு அனுப்புவோம் என்று கதைத்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன். அவன் காலை இறுக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் பார்த்தபடி நின்றான். கிட்டப்போய்க் குந்தி இருந்து, "ஒண்டுக்கு வருதோ அப்பன்?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்த பிடியை இன்றைக்கும் மறக்கேலாது. திரும்பி வரும்போது, "தண்ணி" என்றான். அதுதான் அங்கே அவன் கதைத்த முதல் வார்த்தை.

நான் பயந்துகொண்டுதான் இருந்தேன், தமிழில் கதைத்ததற்கு ஏசுவார்களோ என்று. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, பத்துத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். தண்ணி, சோறு, அம்மா வருவா, நித்திரை, நோகுதா... இப்படிப் பத்து. அதைச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த நாள் சீனத்துப் பெண் ஒருவர் அவனிடம் "அம்மா வருவா" என்று சொன்னபோது அவன் சிரித்தான். பரிசோதனைக் கதை பிறகு எழும்பவே இல்லை. 2014 இல் ஒன்ராறியோ வெளியிட்ட பாலர் கல்வி வழிகாட்டியும் முதலாவதாகச் சொல்வது, பிள்ளைக்குத் தான் இந்த இடத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு வேணும் என்பதைத்தான்.

2018 இல், 41 வயதில், டிப்ளோமா எடுத்தேன். பட்டமளிப்புக்கு இவரும் வந்தார். கேள்வி கேட்ட அதே மனிசன்தான் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினவர்.

தாய்மாரே, தங்கச்சிமாரே, தம்பிமாரே, ஓம், ஆம்பிளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! எங்கள் பிள்ளைகள் முதன்முதல் வீட்டைவிட்டுப் போகும் இடம் இதுதான். அங்கே அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவர் நிற்பதும் நிற்காததும் சின்ன விசயமில்லை. படிக்க விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிய என்னோடு வந்து கதையுங்கள். விண்ணப்பம் நிரப்பக் கூட இருந்து உதவி செய்வேன்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.