மொஸ்கோ நகரில் ஒரு துவிச்சக்கர வண்டி

ஒரு மாநகரை அறிந்துகொள்ள விரும்புபவன் அதனை எவ்வளவு விரைவிற் காண வேண்டும் என்பது நெடுநாளைய வினா. கால்நடையாகச் செல்பவனுக்கு ஒரு தெரு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் வண்டியில் விரைபவனுக்கோ மாளிகைகளும் மனிதரும் ஒன்றாய்க் கலங்கி மறைந்துவிடுவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது துவிச்சக்கர வண்டி. 1 கோடியே 30 லட்சம் மக்கள் வாழும் மொஸ்கோ போன்றதொரு பெருநகரை அதன்மேலிருந்து காண்பது தனியானதோர் அனுபவம் என்பர் சென்று வந்தோர்.

அந்நகரிலே துவிச்சக்கர வண்டி செலுத்த முனையும் இலங்கையர் முதலில் மறக்க வேண்டியது இடப்பக்கத்தை. அங்கே போக்குவரத்து வீதியின் வலப்பக்கமாகவே நடைபெறும். பாதசாரிகள் வீதியைக் கடக்கும் கோடுகளை அடைந்தால் வண்டியிலிருந்து இறங்கி, அதனைத் தள்ளிக்கொண்டே கடத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2013ஆம் ஆண்டில் மாநகர ஆட்சியினர் வாடகை வண்டித் திட்டமொன்றைத் தொடங்கினர். எனினும் உறைபனிக் காலம் நெருங்கியதும் அவ்வாடகை வண்டிகள் அகற்றப்பட்டுவிடும். வசந்தம் பிறந்த பின்னரே மீண்டும் தோன்றும்.

இத்தகைய பயணத்தைத் தொடங்குவதற்குப் பொருத்தமானதோர் இடம், கிரெம்ளின் மதிலின் அருகே நிற்கும் மானேஜ் மண்டபம். நெப்போலியனை வென்ற 5ஆம் ஆண்டு நிறைவின் நினைவாக 1817இல் எழுப்பப்பட்டது அது. படைவீரர் குதிரைப் பயிற்சி செய்வதற்கென்று, நடுவே ஒரு தூணும் இன்றி, மரச்சட்டங்களால் அகன்ற கூரையைத் தாங்கி நிற்குமாறு அமைத்தனர். 2004ஆம் ஆண்டில் நெருப்புக்கு இரையான அக்கூரை மறு ஆண்டே புதுப்பிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், குதிரைகள் ஓடிய அம்மண்டபத்திலே நகர மக்கள் துவிச்சக்கர வண்டி பழகினர். அவ்வாறு பழக வந்தவருள் ஒருவரே லியோ டோல்ஸ்டாய்.

அது 1895ஆம் ஆண்டின் ஏப்ரில் மாதம். உலகம் போற்றும் அந்நாவலாசிரியருக்கு அப்பொழுது வயது 66. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் அவருடைய இல்லத்தில் ஆறாத்துயரம் புகுந்திருந்தது. பதின்மூன்று மக்களுள் கடைக்குட்டியான இவான், வானிச்கா என்று செல்லமாக அழைக்கப்பட்ட பாலகன், ஸ்கார்லட் காய்ச்சலினால் மாண்டான். ஏழு வயது நிரம்பவில்லை. தமக்குப் பின் தமது அறப்பணியை அவனே தொடர்வான் என்று நம்பியிருந்தவர் தந்தை. தாய் சோபியாவோ துயரத்தால் நிலைகுலைந்திருந்தார்.

இந்நிலையில் வெண்தாடி வேந்தர் ஒருவர் இருசக்கரத்தின்மேல் ஏறித் தடுமாறுவதைக் கண்டோர் என்ன நினைத்திருப்பர்? அவருடைய கொள்கையைப் பின்பற்றிய நண்பர் ஒருவரே இதனைக் கண்டு வருந்தித் தடுக்க முயன்றார். எளிமையையும் துறவையும் போதித்தவருக்கு இது தகுமா என்பது அவர் கவலை. டோல்ஸ்டாய் தமது நாட்குறிப்பில் இதனை மறைக்கவில்லை. தம்மை இதன்பால் ஈர்ப்பது எதுவென்று தமக்கே விளங்கவில்லை என்றும், ஆயினும் தாம் வெட்கப்படவில்லை என்றும், இது குழந்தையின் களிப்பைப் போன்ற குற்றமற்ற களிப்பு என்றும் கருத்துப்பட எழுதி வைத்தார். குழந்தையை இழந்தவர் குழந்தையின் களிப்பை நாடினார் என்பது சிந்திக்கத்தக்கது.

மண்டபத்திற்குள் பழகினால் மட்டும் போதாது. நகரத் தெருவில் செலுத்துவதற்கு அந்நாளில் நகர அதிகாரிகளின் அனுமதிச் சீட்டு வேண்டும். பட்டத்தாற் பிரபுவாகிய டோல்ஸ்டாயும் அச்சீட்டைப் பெற்றே வீதிக்கு வந்தார்.

மானேஜிலிருந்து அவருடைய ஹமோவ்னிக்கி இல்லத்திற்கு 4 கிலோமீட்டருக்கு மேற்படாது. அவ்வழியே செல்பவர் இரட்சகர் கிறிஸ்து பேராலயத்தைக் காண்பர். 1931இல் தகர்க்கப்பட்டு, அதன் இடத்தில் 1960 முதல் நீச்சற்குளமாக விளங்கி, நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் கோயிலாகவே எழுந்தது அது. அப்பாற் குறுக்கிடுவது ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள தோட்ட வளைய வீதி. வீடுகளின் முன் இருந்த தோட்டங்களால் வந்த பெயர் இன்றும் நிலைக்கின்றது; மரங்களோ 1930களில் வீதியை அகலமாக்கியபொழுது வீழ்ந்தன. வாகன வெள்ளம் ஓயாது பாயும் அவ்விடத்தில் வண்டியை விட்டு இறங்கிப் பொறுமையோடு கடப்பதே அறிவுடைமை.

அதனைக் கடந்தால் ஆரவாரம் அடங்குகின்றது. டோல்ஸ்டாய் 1882இல் வாங்கிய மரவீடு அங்கே நிற்கின்றது. மின்விளக்கு இல்லாத அவ்வீட்டில் இருந்தே அவர் 'புத்துயிர்ப்பு' நாவலை எழுதினார், தாமே விறகு பிளந்தார், நீர் சுமந்தார். 1921ஆம் ஆண்டில் அது நூதனசாலையாயிற்று. எழுதும் அறையை அடுத்த சிற்றறையில், அவர் செருப்புத் தைத்த கருவிகளோடு, இங்கிலாந்திலே செய்யப்பட்ட அத்துவிச்சக்கர வண்டியும் பேணப்பட்டது.

முதுமை வந்தபின் எதற்குப் புதியதொன்றைக் கற்பது என்று கேட்போர் எந்நாட்டிலும் உளர். துயருற்றவன் சிரிக்கலாகாது என்போரும் உளர். இவ்விரு சாராருக்கும் அவ்வண்டி விடையளிக்கின்றது. நின்றால் விழும், நகர்ந்தால் நிமிரும் என்பது துவிச்சக்கர வண்டியின் இயல்பு. மகனை இழந்த முதியவர் அந்த வசந்த காலத்தில் அறிந்துகொண்டதும் அதுவே போலும்.