க்ளாட்னோவிலிருந்து பிட்ஸ்பர்குக்கு
(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலை அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர் அண்ணன். என் அனுபவத்தில் பெரிசா ஒண்ணுமில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். அதனால் எனக்கு முன்னால் அதே ஊருக்கு வேலைக்கு வந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர். பெயர் யாரோமிர் யாகர். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

மெக்கானிக்கல்காரர்களுக்குப் போல்டி என்ற பெயர் ஞாபகம் இருக்கும். லேபில் போல்டி ஹார்ட்னெஸ் டெஸ்டர் வைத்து சுத்தியலால் ஒரு அடி அடிப்போமே, ஜாபில் விழுந்த குழியையும் ஸ்டாண்டர்டு பாரில் விழுந்த குழியையும் அளந்து ஒப்பிடுவோமே, அதே போல்டிதான். இன்றைய செக் நாட்டில், ப்ராக் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள க்ளாட்னோ ஊரின் எஃகு ஆலை அது. 1889-ல் அதைத் தொடங்கிய கார்ல் விட்கன்ஸ்டைன், தன் மனைவி லியோபோல்டினின் செல்லப் பெயரையே ஆலைக்கு வைத்தார். அந்த ஊரில்தான் 1972-ல் யாகர் பிறந்தார். ஊர் ஹாக்கி கிளப்பும் ரொம்ப நாள் போல்டி பெயரோடுதான் இருந்தது.

அவருக்கு முந்தைய தலைமுறை ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போக நினைத்தால் பெரும்பாலும் தப்பித்துத்தான் போகணும். 1980-ல் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் தம்பி ஆன்டனும் ஆஸ்திரியாவுக்கு ஆடப் போன இடத்திலிருந்து அப்படியே கனடாவுக்குப் போனார்கள். திரும்பி ஊரைப் பார்ப்போமா என்று தெரியாமல் போன பயணம் அது. 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது. அடுத்த ஜூனிலேயே 18 வயது யாகரை பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி ஐந்தாவது ஆளாகத் தேர்வு செய்தது. அவர் யாருக்கும் தெரியாமல் ஓட வேண்டியிருக்கவில்லை, பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறினார். முதுகில் 68 என்ற எண் போட்டுக்கொண்டார். சோவியத் டாங்கிகள் ப்ராகுக்குள் வந்த வருஷம் 1968. கூட்டுப் பண்ணையில் வேலை செய்ய மறுத்துச் சிறைக்குப் போன அவருடைய தாத்தா இறந்ததும் அதே வருஷம்.

ஆட்டத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. பந்துக்குப் பதில் மூணு அங்குல விட்டமும் ஒரு அங்குல கனமும் உள்ள வல்கனைஸ்டு ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர், அதில் மூணு பேர் ஃபார்வர்டு. யாகர் வலது ஓரம். ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிஷம் முழு வேகத்தில் ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பணும். ஐரோப்பாவில் ஐஸ் தளம் கிட்டத்தட்ட 100 அடி அகலம், அமெரிக்காவில் 85 அடி. வட்டு கையில் வந்த அடுத்த நொடி மேலே ஆள் வந்து மோதுவான். சின்ன வயசிலிருந்தே தினம் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்தவர் என்பதால் அதற்கு அவர் கால்கள் தயாராகவே இருந்தன.

தயாராக இல்லாதது மனசு. இங்கிலீஷ் தெரியாது. ஒரு செக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். இருந்தாலும் வீட்டு ஏக்கம் பையனைப் போட்டு வாட்டியது. அப்போது பெங்குவின்ஸ் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. 1990 டிசம்பரில் கல்கரி அணியிலிருந்து யிர்ஷி ஹர்டினா என்ற 32 வயது செக் ஆட்டக்காரரை வாங்கியது. ஹர்டினா நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவரை வாங்கியதில் பையனோடு அவன் பாஷையில் பேச ஒரு ஆள் வேணும் என்ற எண்ணமும் இருந்தது. இதற்குப் பேலன்ஸ் ஷீட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நம்ம ஆடிட்டர்கள் சொல்லட்டும். அந்த முதல் சீசனில் யாகர் 27 கோல் போட்டார். 1991, 1992 இரண்டு வருஷமும் ஸ்டான்லி கோப்பை பிட்ஸ்பர்குக்கே. 1992 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 4-1 என்று பின்தங்கியிருந்தவர்கள், யாகர் சிகாகோ ஆட்களை ஒவ்வொருத்தராய் ஏமாற்றிப் போட்ட கோலில் 4-4 ஆக்கினார்கள், கடைசி விநாடிகளில் மாரியோ லெமியூ ஜெயிக்க வைத்தார். ஹர்டினா அந்தக் கோப்பையோடு ஓய்வு பெற்றார். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லீகில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பை ஐந்து தடவை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் செக் நாட்டுக்குத் தங்கம். ஒன்பது அணிகள், 1,733 ஆட்டங்கள், 1,921 புள்ளிகள். அவருக்கு மேலே வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவர்தான்.

நடுவில் 2008-லிருந்து மூணு வருஷம் சைபீரியாவின் ஓம்ஸ்க் அணியில் ஆடினார். அங்கே அவரோடு ஒரே வரிசையில் ஆடியவன் அலெக்ஸி செரெபனோவ், 19 வயது. நியூயார்க் அணி ஏற்கெனவே தேர்வு செய்து வைத்திருந்த பையன், யாகர் போன வழியிலேயே போக வேண்டியவன். 2008 அக்டோபர் 13 அன்று ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் யாகர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே சரிந்து விழுந்தான். ஆம்புலன்ஸ் அரங்கத்தை விட்டு அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. பையன் பிழைக்கவில்லை.

இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன்? நான் பிட்ஸ்பர்கில் இருந்தபோது பக்கத்து மாநிலத்துக்கு நம்ம காலேஜ் பையன் ஒருத்தன் வேலைக்கு வந்தான். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். வேலையில் ஒரு குறை கிடையாது. ஜனவரிக் குளிரில் ஒரு அறையில் தனியாக, சாப்பாடு இறங்காமல், ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறான். ஐந்தாவது மாசம் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டான். அவன் இருந்த இடத்திலிருந்து நாற்பது மைலில் நம்ம சீனியர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். ஒருத்தர் இருப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது. நம்ம சங்க டைரக்டரியில் பெயர், செட், பதவி, ஃபோன் நம்பர் இருக்கு. எந்த ஊரில் இருக்கார், புதுசா வருகிற பையனையோ பொண்ணையோ முதல் மூணு மாசம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவாரா என்று இன்னொரு பத்தியும் சேர்க்கணும். படிவம் நானே அடித்துக் கொண்டு வந்திருக்கேன், வாசல் மேஜையில் இருக்கு. வெளிநாடுன்னு இல்லை, புனேவுக்கும் இது பொருந்தும்.

யாகர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2018 ஜனவரியில் கல்கரி அணி அவரை க்ளாட்னோவுக்கு அனுப்பியது. அப்போது அந்த கிளப்பின் முதலாளியும் அவரேதான். 2024 பிப்ரவரி 18 அன்று பிட்ஸ்பர்க் அரங்கத்தில் 68-ஐ இனி யாரும் போடக்கூடாது என்று உத்தரத்தில் ஏற்றினார்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், 52 வயதில், பெங்குவின்ஸ் பையன்களோடு அவரும் இறங்கிச் சறுக்கினார். பிறகு ஊருக்குத் திரும்பி, அடுத்த சீசனிலும் க்ளாட்னோவுக்கு ஆடினார்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பிடப் போகும்போது மேஜையில் பேனா இருக்கு.